படுக்கையருகில் தொடங்கும் பாடம்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய வேலூரிலும் செவிலியர் கல்விக்கு நூறாண்டைக் கடந்த வரலாறு உண்டு. 1909இல் ஐடா ஸ்கடர் வேலூரில் தம் மருத்துவமனையோடு சேர்த்து ஒரு செவிலியர் பள்ளியைத் தொடங்கியபோது, சித்தூர் நகரம் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்தது. சித்தூர் தனி மாவட்டமானது 1911இல்தான். அன்றைய சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளிக்கு அருகே 1915இல் திறக்கப்பட்ட ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில், அந்நோய்க்கு மருந்தே இல்லாத அந்நாளில், ஓய்வும் உணவும் நல்ல காற்றும் செவிலியரின் கவனிப்புமே சிகிச்சையாக இருந்தன. 1946இல் வேலூர்ச் செவிலியர் கல்லூரி, அதே ஆண்டில் தில்லியில் தோன்றிய கல்லூரியோடு சேர்ந்து, இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்பைத் தொடங்கி வைத்தது. திருப்பதியில் 1960இல் எஸ்.வி. மருத்துவக் கல்லூரி தோன்றியதை அடுத்து ரூயா அரசு மருத்துவமனை அதன் பயிற்சிக் களமாயிற்று. திருமலை திருப்பதி தேவஸ்தானம் உருவாக்கிய ஸ்விம்ஸ் மருத்துவமனை 1993இல் இயங்கத் தொடங்கி, 1995இல் பல்கலைக்கழகமாகித் தனக்கென ஒரு செவிலியர் கல்லூரியையும் நடத்தி வருகிறது. குப்பத்தில் 2001இல் பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரி வந்தது. ஒரு நாள் பேருந்துப் பயணத்துக்குள் அடங்கிவிடும் இந்த வட்டாரத்தில், ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் எனப் பல நிலைகளில் செவிலியர் மாணவர்கள் பயின்று வருகிறார்கள்.

கட்டடங்களைப் பற்றியும் படுக்கை எண்ணிக்கையைப் பற்றியும் இடங்களின் எண்ணிக்கையைப் பற்றியும் பேசப்படும் அளவுக்கு, அக்கல்லூரிகளுக்குள் ஒரு மணி நேர வகுப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்பது பேசப்படுவதில்லை. பாடநூலின் அத்தியாயம் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் குறிப்புகளைச் சொல்லி எழுதவைப்பதும், செயல்முறை வகுப்பில் ஆசிரியர் ஒரு முறை செய்துகாட்ட மாணவர்கள் சுற்றி நின்று பார்ப்பதும், பிறகு வார்டுக்குப் போஸ்டிங் அனுப்புவதும் இந்தியச் செவிலியர் கல்வியில் நெடுங்காலமாக வேரூன்றிய முறை. இதில் ஆசிரியரின் சோம்பலைக் காண்பது நியாயமன்று. பல்கலைக்கழகத் தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பும் தரும். தேர்வு அத்தியாயத்தைக் கேட்கும் வரையில் வகுப்பும் அத்தியாயத்தையே தந்துகொண்டிருக்கும்.

பாடத்தைப் பின்னிருந்து முன்னாகத் திட்டமிடுதல் என்னும் முறை இந்தச் சுழலிலிருந்து வெளியேறுவதற்குக் கல்வியியலாளர்கள் சொல்லும் வழிகளில் ஒன்று. அமெரிக்கக் கல்வியாளர்களான கிராண்ட் விக்கின்ஸும் ஜே மெக்டைக்கும் 1998இல் பரவலாக்கிய இம்முறையின்படி, ஆசிரியர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எதைச் சொல்லிக்கொடுப்பது என்பதை அன்று, பாடம் முடிந்த பின் மாணவர் எதைத் தனியாகச் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும் என்பதை; இரண்டாவதாக, அவர் அதைச் செய்கிறார் என்பதற்கு எது சான்று என்பதை; சொல்லிக்கொடுக்கும் பொருளும் முறையும் மூன்றாவதாகத்தான் வருகின்றன. இதோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவக் கல்வியாளர் 1990இல் முன்வைத்த நான்கு அடுக்குப் பிரமிடு. அதன் அடித்தளத்தில் அறிந்திருப்பதும், அதற்கு மேல் எப்படி என்று அறிந்திருப்பதும், அதற்கு மேல் செய்துகாட்டுவதும், உச்சியில் அன்றாடப் பணியில் உண்மையாகவே செய்வதும் அமைகின்றன. எழுத்துத் தேர்வு முதல் இரண்டு அடுக்குகளை மட்டுமே அளக்கும். நோயாளிக்குப் பயன்படுவதோ நான்காவது அடுக்கு. அது நிகழும் இடம் படுக்கையருகு. ஆகவே செவிலியர் பாடத்தைத் திட்டமிடுபவர் அங்கிருந்து தொடங்கி வகுப்பறையை நோக்கிப் பின்னால் நடந்துவர வேண்டியவராகிறார்.

இந்த வட்டாரத்துக்கு நன்கு பொருந்தும் ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், இறந்திருக்கக்கூடும் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இறப்பு மிகுந்த மாநிலங்களுள் ஆந்திரப் பிரதேசமும் ஒன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இறப்புகளை 2030க்குள் பாதியாகக் குறைக்கும் நோக்கத்தோடு இந்திய அரசு 2024இல் ஒரு தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. நெல், கரும்பு, நிலக்கடலை வயல்களும் மாந்தோப்புகளும் நிறைந்த சித்தூர்ப் பகுதியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிக்குச் சேரும் செவிலியர் இந்நோயாளியைச் சந்திக்காமல் இருக்க வழியில்லை.

வழக்கமான முறையில் இப்பாடம் பாம்புகளின் வகைப்பாட்டில் தொடங்கி, நஞ்சின் வேதியியல் கூறுகளுக்குச் சென்று, அறிகுறிகளைப் பட்டியலிட்டு, மருத்துவரின் சிகிச்சையை விவரித்து, மணி அடிக்கும் வேளையில் செவிலியரின் கடமைகளுக்கு வந்து சேரும். பின்னிருந்து திட்டமிடும் ஆசிரியர் வேறொரு கேள்வியை எழுப்புவார்: மருத்துவர் வேறொரு நோயாளியிடம் இருக்கும் முதல் அரை மணி நேரத்தில், இச்செவிலியரின் கைகளும் கண்களும் என்ன செய்ய வேண்டும்? அக்கேள்விக்கான விடையில் வகைப்பாட்டுக்கு மிகச் சிறிய இடமே கிடைக்கிறது. வீட்டார் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டிய துணியைச் சட்டென அவிழ்த்துவிடாமல், மருத்துவரும் மருந்தும் ஆயத்தமாகும் வரை பொறுத்திருப்பது ஒன்று. நோயாளியின் இமைகள் தொங்குகின்றனவா, பேச்சு குழறுகிறதா, மூச்சு ஆழமாக வருகிறதா என்று குறித்த இடைவெளியில் பார்த்து எழுதுவது மற்றொன்று. நச்சுமுறி மருந்து ஏற்றப்படும்போது ஏற்படக்கூடிய கடும் ஒவ்வாமையைக் கண்டவுடன் மருந்தை நிறுத்தி, தொடைத் தசையில் அட்ரினலின் போடுவதற்கு ஊசியை முன்கூட்டியே எடுத்துவைத்திருப்பது இன்னொன்று. இவற்றோடு, மிக எளிதாகத் தோன்றி மிக எளிதாகப் பிழைபடும் ஒரு சோதனையும் உண்டு.

அது இருபது நிமிட இரத்த உறைவுச் சோதனை. நோயாளியின் சிரையிலிருந்து 2 மில்லி புதிய இரத்தத்தை எடுத்து, சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிச் சோதனைக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்திவைத்து, பிறகு ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமல் ஓடினால், உறைவுத்திறனை நஞ்சு குலைத்துவிட்டது என்று பொருள். இச்சோதனைக்கு மின்சாரமோ இயந்திரமோ தேவையில்லை என்பதால் எந்தச் சிற்றூர் மருத்துவமனையிலும் செய்யலாம். ஆனால் இரத்தம் உறையத் தொடங்குவதைத் தூண்டுவது கண்ணாடியின் மேற்பரப்பே என்பதை அறியாத மாணவர், கையருகில் இருக்கும் பிளாஸ்டிக் குழாயை எடுத்துவிடுவார். நஞ்சேறாத இரத்தமும் அதில் உறையாமல் நின்று, தேவையற்ற நச்சுமுறி மருந்து ஏற்றப்படுவதற்கு வழிவகுத்துவிடலாம். சோப்புத் தூளால் கழுவிய கண்ணாடிக் குழாயும் இதே பிழையைத் தரும். பத்தாவது நிமிடத்தில் ஆவல் தாங்காமல் குழாயை ஆட்டிப் பார்ப்பவராலும் முடிவு கெடும். குழாய் ஏன் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்ற ஒரு காரணத்தை மாணவர் உண்மையில் புரிந்துகொண்டால், நஞ்சு இரத்தத்தில் என்ன செய்கிறது என்னும் உடலியங்கியல் பகுதியும் அதன் வழியாகவே விளங்கிவிடுகிறது; முதலில் உடலியங்கியலை முழுதாகச் சொல்லி முடித்த பின்பே சோதனைக்கு வரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லாமல் போகிறது.

இவ்வாறு எதை விடுவது என்று தீர்மானிப்பதுதான் பாடத் திட்டமிடலில் கடினமான பகுதி. கோடைக்கால இரவில் தரையில் படுத்துறங்கியவர், கடிபட்ட வலியே அறியாமல் விடியற்காலையில் வயிற்றுவலியோடும் தொங்கிய இமைகளோடும் வருவது கட்டுவிரியன் கடியின் இயல்பு. கண்ணாடி விரியன் கடித்தவரிடம் வீக்கமும் இரத்தக் கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் தெரியும். முன்னது நரம்பைத் தாக்குகிறது, பின்னது இரத்தத்தைத் தாக்குகிறது. தமிழில் இரண்டுமே விரியன். தெலுங்கிலோ முன்னது கட்லபாமு, பின்னது ரக்தபிஞ்சரி. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் போன்ற இருமொழிப் பகுதிகளில் உறவினர் வெறுமனே விரியன் என்று சொன்னால் எதை மேலும் கேட்க வேண்டும் என்பது தேசிய அளவில் எழுதப்பட்ட எந்தப் பாடநூலிலும் இருக்காது. அந்த ஊர் ஆசிரியர்தான் அதைப் பாடத்துக்குள் கொண்டுவர முடியும். பாம்பின் அடையாளத்தை நம்பிச் சிகிச்சையைத் தீர்மானிக்கக் கூடாது, அறிகுறிகளையே நம்ப வேண்டும் என்பதும் அதே மூச்சில் சொல்லப்பட வேண்டியது. இந்தியாவில் கிடைக்கும் நச்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சு அம்மருந்தின் உற்பத்திக்கு நெடுங்காலமாக அடிப்படையாக இருந்து வருகிறது. இக்கடைசிச் செய்தி தேர்வுக்குத் தேவைப்படாது. எனினும் மருந்துக் குப்பி எங்கிருந்து வருகிறது என்று அறிந்த மாணவர் அதை வீணாக்கத் தயங்குவார் என்பதால், அதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்குவது தகும்.

மாணவரின் மனம் ஒரே நேரத்தில் எவ்வளவு புதியவற்றைத் தாங்கும் என்ற வரம்பைக் கணக்கில் எடுப்பது திட்டமிடலின் அடுத்த படி. ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988இல் முன்வைத்த அறிதிறன் சுமைக் கோட்பாடு, செயல்நினைவு மிகக் குறுகியது என்றும், புதியவர் ஒருவரிடம் தீர்க்கச் சொல்லிக் கணக்கைக் கொடுப்பதைவிடப் படிப்படியாகத் தீர்க்கப்பட்ட கணக்குகளைக் காட்டுவது அவருக்குப் பெரிதும் பயன்படும் என்றும் கூறுகிறது. டிரிப் கணக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 500 மில்லி சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், மருத்துவமனையில் உள்ள சாதாரண டிரிப் செட் ஒரு மில்லிக்கு 20 சொட்டு தருகிறது என்றால், 500ஐ 20ஆல் பெருக்கி வரும் 10,000 சொட்டுகளை 240 நிமிடங்களால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு கிடைக்கும். ஒரு மில்லிக்கு 60 சொட்டு தரும் மைக்ரோ செட்டைப் பொருத்திவிட்டால் அதே அளவுக்கு நிமிடத்துக்கு 125 சொட்டு வேண்டும். மாணவர்கள் தடுமாறுவது பெருக்கலிலோ வகுத்தலிலோ அன்று. செட்டின் உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்க்காமலேயே மனப்பாடமான சூத்திரத்தில் எண்களை நிரப்புவதில்தான். எனவே நல்ல பாடம் முதலில் முழுதாகத் தீர்த்த இரண்டு கணக்குகளைக் காட்டும். அடுத்து, கடைசிப் படியை மட்டும் மாணவரிடம் விட்ட கணக்கு வரும். அதன்பின் இரு வகைச் செட்டுகளையும் உறையோடு கையில் கொடுத்து, எண்ணை மாணவரே தேடிக் கண்டுபிடிக்கச் செய்யும் கணக்கு வரும். இறுதியில் கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணி உருளையைத் திருகிச் சரிசெய்யும் பயிற்சி வரும். இந்நான்கு படிகளையும் முதல் நாளிலேயே ஒன்றாகக் கொடுத்தால் எதுவும் நிற்பதில்லை.

கற்றது எவ்வாறு நினைவில் நிற்கிறது என்பது பற்றியும் உறுதியான செய்திகள் உண்டு. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினர். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, படித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களே முந்தினர். தேர்வுக்கு முந்திய இரவில் விடிய விடியப் படிப்பவர் தேர்ச்சி பெறுவதும், ஆறு மாதம் கழித்து வார்டில் அதே செய்தி அவருக்கு நினைவுக்கு வராமற்போவதும் இதனால் விளங்கும். நெஞ்சழுத்த உயிர்மீட்பு போன்ற கைத்திறனுக்கும் இது பொருந்துகிறது. நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையிலான வேகத்தில், 5 முதல் 6 செண்டிமீட்டர் ஆழம் அழுத்தக் கற்றவரின் திறன், பயிற்சி இல்லையேல் சில மாதங்களிலேயே தேய்ந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை ஒரு நாள் முழுதும் நடத்தும் முகாமைவிட, சில வாரங்களுக்கு ஒரு முறை சில நிமிடம் பயிலவைப்பதே பயன் தரும். அலிபிரியிலிருந்து 3,550 படிகளை ஏறித் திருமலைக்குச் செல்லும் கூட்டத்தில் இதய நோயாளிகளும், நேர்த்திக்கடனுக்காக உணவை ஒதுக்கிய சர்க்கரை நோயாளிகளும் கலந்திருக்கும் ஓர் ஊரில், இத்திறனும், மயங்கிக் கிடப்பவரின் இரத்தச் சர்க்கரையை முதலில் பார்க்கும் பழக்கமும் கூடுதல் தேர்ச்சிகளாகக் கருதப்பட வேண்டியவை அல்ல. அவை அடிப்படைத் தேவைகள்.

உயிருள்ள நோயாளியிடம் முதல் பிழையைச் செய்யாதிருப்பதற்குப் பொம்மை தேவை என்பது புதிய எண்ணம் அன்று. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனைச் செவிலியர் பள்ளி 1911இல், பொம்மை செய்பவரான மார்த்தா சேஸ் உருவாக்கிய ஆளுயரப் பொம்மையைப் பயிற்சிக்கு வாங்கிற்று. திருமதி சேஸ் என்றே அது அழைக்கப்பட்டது. நார்வேயின் லேர்டால் நிறுவனம் 1960இல் உயிர்மீட்புப் பயிற்சிக்கான ஆன் என்னும் பொம்மையை உருவாக்கியது. இன்று மூச்சு விடும், வியர்க்கும், கண்மணி சுருங்கும் பொம்மைகள் இலட்சக்கணக்கான ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அவை ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் உறை நீக்கப்படும் காட்சிப் பொருள்களாகிவிடும் ஆபத்தும் உண்டு. பாவனைப் பயிற்சியின் பலன் பொம்மையின் விலையில் இல்லை. பயிற்சி முடிந்த பின் நடக்கும் கலந்துரையாடலில் இருக்கிறது. என்ன நடந்தது, அந்த வேளையில் மனத்தில் என்ன ஓடியது, எந்த அறிகுறி கண்ணுக்குத் தப்பியது என்று மாணவர்களே பேசி, ஆசிரியர் கேள்விகளால் மட்டும் வழிநடத்தும் அந்த இருபது நிமிடத்தைக் கால நெருக்கடியால் வெட்டிவிடும் வகுப்பு, பயிற்சியின் பெரும்பகுதியையே வெட்டிவிடுகிறது. பிழை செய்த மாணவரை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொள்ளும் வழக்கம் உள்ள இடத்தில் இக்கலந்துரையாடல் நடைபெறவே நடைபெறாது. பிழையை மறைக்கக் கற்றுக்கொண்டவர், பின்னாளில் தவறான மருந்தைக் கொடுத்துவிட்டாலும் மறைக்கவே செய்வார்.

மொழி தனித்த கவனத்துக்குரியது. தெலுங்கு வழியிலோ தமிழ் வழியிலோ பள்ளிப்படிப்பை முடித்து வருபவர்கள் ஆங்கிலப் பாடநூலைப் படித்து ஆங்கிலத்தில் தேர்வு எழுதுகிறார்கள். அவர்களுடைய நோயாளியோ ஆங்கிலம் பேசுவதில்லை. திருப்பதியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் பக்தர் தமிழோ கன்னடமோ மராத்தியோ இந்தியோ பேசுபவராக இருக்கலாம். நோயாளியிடம் பேசும் பகுதியை ஆங்கிலத்தில் ஒத்திகை பார்ப்பதில் பொருளில்லை. வலி எங்கே, எப்போது தொடங்கியது, எங்காவது பரவுகிறதா, முன்பு இப்படி வந்ததுண்டா என்பவற்றைத் தெலுங்கிலும் தமிழிலும், முதியவரிடம் பேசும் மரியாதையோடு கேட்டுப் பழகுவதும், கேட்டறிந்ததை அடுத்த நிமிடமே மருத்துவருக்கு ஆங்கில மருத்துவச் சொற்களில் சுருக்கிச் சொல்வதும் இரு வேறு திறன்கள். இரண்டையும் ஒரே பயிற்சியில் இணைப்பது நல்லது. பின்னதற்கு உலகெங்கும் பயன்படும் ஒரு சட்டகம், நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என நான்கு பகுதிகளாகச் செய்தியைச் சொல்வது. அதன் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு எஸ்பார் என்று அழைக்கப்படும் அது, அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் தகவல் முறையிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது. ட்யூட்டி மாறும்போது ஓவர் கொடுக்கும் பழக்கத்தில் இச்சட்டகத்தை முதல் ஆண்டிலிருந்தே புகுத்தினால், இருபத்தைந்து நோயாளிகளைப் பற்றி மனம்போன போக்கில் ஒப்பிக்கும் இன்றைய முறை மாறும்.

மதிப்பீட்டு முறை மாறாமல் இவற்றில் எதுவும் நிலைக்காது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய உடன்பணியாளர்களும் 1975இல் அறிமுகப்படுத்திய, ஆஸ்கி என்று சுருக்கமாக வழங்கும் தேர்வில், மாணவர்கள் பல நிலையங்களை வரிசையாகக் கடந்து செல்கிறார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் சில நிமிடங்களில் ஒரு குறித்த செயலைச் செய்ய, தேர்வாளர் முன்கூட்டியே வகுத்த பட்டியலின்படி மதிப்பெண் இடுகிறார். எல்லா மாணவர்களுக்கும் ஒரே சோதனை, ஒரே அளவுகோல் என்பது இதன் நன்மை. பிரிட்டனில் பதிவு பெற விரும்பும் வெளிநாட்டுச் செவிலியர்கள் இதைக் கடந்தே ஆகவேண்டும் என்பதால், அத்தேர்வின் பட்டியல்களை மனப்பாடம் செய்விக்கும் பயிற்சி மையங்களும் பெருகியுள்ளன. மில்லரின் மூன்றாவது அடுக்கை அளக்க உருவான கருவி இவ்வாறு முதல் அடுக்குக்கே இழுத்துச் செல்லப்படுகிறது. இதற்கு நேர்மாறான நோய், வார்டில் எழுதப்படும் கேர் பிளான் நோட்டுகளிலும் லாக் புக்கிலும் காணப்படுகிறது. நோயாளியின் தேவையை மதிப்பிட்டு, அதற்கேற்ற கவனிப்பைத் திட்டமிட்டு, செய்து, பலனைச் சோதிக்கும் சிந்தனை முறைக்காகத் தோன்றிய கேர் பிளான், முந்திய ஆண்டு மாணவரின் நோட்டைப் பார்த்து அழகான கையெழுத்தில் நகலெடுக்கும் வேலையாகிவிடும்போது, நோயாளியின் அருகில் இருக்க வேண்டிய நேரம் மேசையில் கழிகிறது. பத்து நோட்டுகளுக்குப் பதிலாக, படுக்கையருகில் நின்று ஐந்து நிமிடம் வாய்மொழியாக விளக்கச் செய்யும் இரண்டு மதிப்பீடுகளே போதும் என்று ஒரு கல்லூரி துணிந்தால், ஆசிரியருக்கும் மாணவருக்கும் மிச்சமாகும் நேரம் பெரிது.

இந்திய நர்சிங் கவுன்சில் திருத்தியமைத்து 2021இல் அரசிதழில் வெளியான பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம், நான்காண்டுப் படிப்பை எட்டுப் பருவங்களாகப் பிரித்து, திறன் அடிப்படையிலான கற்பித்தலையும் பாவனைப் பயிற்சியையும் உள்ளடக்கியுள்ளது. 1947ஆம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசியச் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் ஆணையச் சட்டமும் வந்துவிட்டது. ஆகவே விதிகளில் பெரிய குறையில்லை. பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்னும் விகிதமும் விதியில் உள்ளது. ஆனால் அந்த ஆசிரியர் மாணவரோடு வார்டில் இருக்கிறாரா என்பதே கேள்வி. கல்லூரி ஆசிரியர் வகுப்பறைக்கு உரியவர், வார்டு இன்சார்ஜ் சிஸ்டருக்கு உரியது என்ற பிரிவினையால், வகுப்பில் கற்ற முறை ஒன்றாகவும் வார்டில் நடக்கும் முறை வேறாகவும் ஆகி, மாணவர் இரண்டாவதையே உண்மை என்று எடுத்துக்கொள்கிறார். கைகளை 40 முதல் 60 வினாடி வரை சோப்பால் கழுவ வேண்டும் என்று கற்ற மாணவர், வார்டில் எவரும் பத்து வினாடிக்கு மேல் கழுவுவதைக் காணாவிட்டால், அப்பாடத்தை யார் எவ்வளவு அழகாகத் திட்டமிட்டிருந்தாலும் அது அன்றே அழிந்துவிடும்.

இதற்கு ஒரு விடை அண்டையிலேயே உள்ளது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செவிலியர் கல்விப் பணியையும் மருத்துவமனைச் செவிலியர் பணியையும் ஒன்றாக இணைத்து, கற்பிப்பவர்களே நோயாளிக் கவனிப்பின் பொறுப்பையும் ஏற்கும் முறை நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. வகுப்பில் சொன்னதை வார்டில் செய்ய முடியவில்லை என்றால் அதைச் சரிசெய்ய வேண்டியவரும் அவரே என்பது இம்முறையின் வலு. ஒருவர் மீதே இரண்டு வேலைச் சுமை ஏறுகிறது என்பது அதன் விலை. எல்லாக் கல்லூரிகளும் இதை அப்படியே எடுத்தாள இயலாது. சொந்த மருத்துவமனை சிறிதாக இருக்க, மாணவர்களை அரசு மருத்துவமனைக்குப் போஸ்டிங் அனுப்பும் கல்லூரியின் ஆசிரியருக்கு அங்கே ஒரு கட்டிலின் மீதும் அதிகாரம் கிடையாது. அத்தகைய இடங்களில், வார்டின் மூத்த செவிலியர்கள் சிலருக்குப் பயிற்றுநர் என்னும் பொறுப்பையும் அதற்குரிய மதிப்பூதியத்தையும் தந்து, கல்லூரி ஆசிரியரோடு அமர்ந்து பாடத்தைத் திட்டமிடச் செய்வதே நடைமுறைக்கு ஏற்ற வழியாகத் தோன்றுகிறது. அமெரிக்கச் செவிலியர் அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984இல் எழுதிய நூலில் காட்டியபடி, தேர்ந்த செவிலியர் நோயாளியைப் பார்த்தவுடன் ஏதோ சரியில்லை என்று உணர்வது பல்லாண்டு அனுபவத்தால் விளைந்த அறிவு. விதிகளைப் பிடித்துக்கொண்டே நடக்கும் புதியவருக்கு அது புரிவதில்லை. அந்த மூத்த செவிலியர் எதைக் கண்டு அவ்வாறு உணர்ந்தார் என்பதை வாய்விட்டுச் சொல்லவைப்பது கல்லூரி ஆசிரியரின் வேலை. இதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இத்தகைய பாடம் அமைவதற்கு நேர அட்டவணையும் இடம்கொடுக்க வேண்டும். மாணவர்களின் போஸ்டிங் பெரும்பாலும் காலை வேளையில் அமைகிறது. காய்ச்சலுக்கும் கட்டு மாற்றுவதற்கும் அந்நேரம் பொருந்தும். கட்டுவிரியன் கடித்தவரோ விடியற்காலையில் வருகிறார். நெஞ்சுவலியோடு வருபவருக்கும் பிரசவ வலியோடு வருபவருக்கும் கல்லூரி நேரம் தெரியாது. இரவில் பொறுப்பு டாக்டர் ஒருவரும் ஸ்டாஃப் நர்ஸ் இருவரும் மட்டும் இருக்கும் வார்டில்தான் செவிலியரின் தனித் தீர்மானம் மிகுதியாகத் தேவைப்படுகிறது. இரவுப் போஸ்டிங் விதிகளில் இல்லாததன்று. ஆசிரியர் உடனில்லாமல், பணியாளர் பற்றாக்குறையை நிரப்பும் கைகளாக மாணவரை நிறுத்துவதாகவே அது பல இடங்களில் முடிந்துவிடுகிறது. மூன்றாம் ஆண்டு மாணவர்களைச் சிறு குழுக்களாக, ஓர் ஆசிரியரோடு, மாதத்தில் சில இரவுகள் அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கச் செய்வதற்கு, மாணவியரின் பாதுகாப்பான போக்குவரத்து, மறுநாள் வகுப்பிலிருந்து விலக்கு, ஆசிரியருக்கு ஈடுசெய் விடுப்பு ஆகிய மூன்றையும் கல்லூரி முதல்வரும் மருத்துவமனைக் கண்காணிப்பாளரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கும். கண்ணாடிக் குழாய்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன, அதன் சாவி இரவில் யாரிடம் இருக்கிறது என்பதையும் மாணவர் அப்போதுதான் அறிந்துகொள்வார்.